கால் மணி நேரச் சிரிப்பு

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் புட்டு. நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று பயந்து, முதலில் வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன்:

‘ஆடி மாதத்தின் மந்தமான ஒரு ஞாயிறு மாலை, மேனாம்பேட்டின் மேல் சாம்பல் நிற மேகங்கள்—’

(வேண்டாம். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில்.)

நடந்தது இதுதான். எங்கள் தெருக் கல்யாண மண்டபத்தின் கேட்டில் ‘புட்டோ பயிற்சி. ஜப்பானிய முறை. அனைவரும் வரலாம்’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆடியில் கல்யாணம் இல்லாததால் மாடியிலிருந்த பந்தி ஹாலை வாடகைக்கு விட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு தாட்சாயிணி அக்கா அதைப் படித்துவிட்டு நேராக என் கதவைத் தட்டினார்.

“மைதிலி, ஜப்பான்காரன் புட்டு எப்டி பண்றான்னு பாத்துனு வர்லாம், வா.”

அது புட்டு இல்லை, நடனம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தனியாகப் போக எனக்குக் கூச்சம்.

2

அக்கா மேனாம்பேட்டிலேயே பிறந்து மேனாம்பேட்டிலேயே வாழ்க்கைப்பட்டவர். இன்சூரன்ஸ் ஏஜென்ட். பேசிப் பேசியே பாலிசி போடவைப்பார். பேச்சு தீர்ந்த இடத்தில் சிரிப்பார். அந்தச் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும்.

கற்றுக்கொடுக்க வந்தவர் கிருஷ்ணப்பிரியா. காட்டுப்பாக்கத்தில் குடியிருக்கிறார். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஜப்பானுக்குப் போய் இந்த ஆட்டத்தைப் பயின்றவர். புட்டோவில் முத்திரையும் இல்லை, தாளக்கட்டும் இல்லை. முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு, உடம்பு தானாக அசையும் வரை காத்திருக்க வேண்டும். ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போவதற்குள் சோறு வெந்துவிடும்.

முதல் நாள், புட்டு இல்லை என்று தெரிந்தும் அக்கா கிளம்பவில்லை. எல்லோரும் கண்ணை மூடி நின்றோம்.

“நீங்க இறந்துட்டீங்க. இப்ப வெறும் சாம்பல். மெல்லக் காத்து வருது,” என்றார் கிருஷ்ணப்பிரியா.

அக்கா வெடித்துச் சிரித்தார். “மேடம், இதச் சொல்லித்தான் நான் டெய்லி பாலிசி விக்கிறேன்!”

சாம்பல்கள் எல்லாம் சேர்ந்து சிரித்தன. வகுப்பு கெட்டது. அடுத்த ஞாயிறும் கெட்டது.

3

இங்கேதான் எனக்குச் சிக்கல். இப்படிச் சிரிக்கும் ஒருவரைக் கதையில் வைத்தால் அதற்கொரு காரணம் வேண்டும் என்று கை பரபரத்தது.

‘அந்தச் சிரிப்புக்குப் பின்னால் யாரும் அறியாத ஒரு—’

எழுதியதை அக்காவிடமே காட்டினேன்.

“யாரும் அறியாத இன்னா? எனக்கே தெரியாத சோகத்த நீ எங்கேர்ந்து புட்சினு வந்த? சிரிப்பு வர்து, சிரிக்கிறேன். அடிச்சிடு அத.”

அடித்துவிட்டேன். (பாதி மட்டும் மேலே கிடக்கிறது. கிடக்கட்டும்.)

“வேணும்னா ஒண்ணு எழுதிக்க,” என்றார். “காலைல எய்ந்ததுலேர்ந்து பேசினே கீறேன். அந்த ஹால்லதான் வாய மூடினு சும்மா நில்லுன்றாங்க. நல்லா கீது மைதிலி. எனக்கு அது வேணும். ஆனா முடியலயே.”

இதைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை.

4

கடைசி ஞாயிறன்று குடும்பத்தார் முன்னால் ஆடிக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய வகுப்பு முடிந்ததும் கிருஷ்ணப்பிரியா தயங்கித் தயங்கி, “அக்கா, இந்தத் தடவ நீங்க உக்காந்து பாருங்களேன்,” என்றார்.

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. “சிரிக்க மாட்டேன் மேடம். வாய்ல துணி வெச்சிக்கிறேன்.”

கிருஷ்ணப்பிரியா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். (இந்த இடத்தில் அவர் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதினேன். எனக்கு எப்படித் தெரியும்? எடுத்துவிட்டேன்.)

“துணியெல்லாம் வேணாம். சிரிங்க. ஆனா ஒரே ஒரு சிரிப்பு. அது கால் விரல்ல ஆரம்பிச்சு வாய்க்கு வந்து சேரக் கால் மணி நேரம் ஆகணும். சத்தம் மட்டும் கூடாது.”

அந்த வாரம் அக்காவின் கணவர் எத்திராஜ் என்னைப் படிக்கட்டில் மடக்கினார். “இன்னாம்மா இது? அடுப்பாண்ட நின்னுகினு சொவத்தப் பாத்து மெதுவா சிரிக்கிது. கோயிலுக்கு இட்டுனு போவட்டா?”

5

அந்த ஞாயிறு. பந்தி ஹாலில் பழைய சாம்பார் வாசனை, பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளை முகங்களோடு நாங்கள். கீழே அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் பம்பை பொளந்துகட்டியது. நான் உதிரும் இலை. தரையைத்தான் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை.

அக்காவின் கால் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. முழங்கால் லேசாகக் குழைந்தது. வயிற்றில் ஏதோ புரண்டு, மேலே ஏறலாமா வேண்டாமா என்று யோசித்து, ஏறியது. தோள்கள் மிதந்தன. பம்பை எவ்வளவு அவசரப்படுத்தியும் அவர் அவசரப்படவில்லை. கன்னத்தில் வெள்ளைப் பூச்சு விரிசல் விட்டது.

முன்வரிசையில் எத்திராஜ் பயந்துபோய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் மீசை துடித்தது.

“ஐயோ, தாட்சு!” என்று வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார், பின்வரிசை சிரித்தது, கிருஷ்ணப்பிரியா தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் இலை, நானும் சிரித்தேன். அந்த ஹாலிலேயே சத்தம் போடாமல் நின்றவர் ஒருவர்தான்.

6

முடிவுகள் சில கைவசம் இருந்தன. எத்திராஜ் அடுத்த வகுப்பில் சேர்கிறார். அக்கா மேடையேறிப் பேர் வாங்குகிறார். அல்லது வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் நிஜமாகவே புட்டு அவிக்கிறார்கள்.

மூன்றையும் படித்துவிட்டு அக்கா தாளைத் திருப்பித் தந்தார்.

“முடிக்காத. நான் இன்னும் சிரிச்சி முடிக்கல.”

ஆகவே அவரை அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். வாய் பாதிதான் திறந்திருக்கிறது. உதட்டின் இடது ஓரம் இன்னும் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். அவசர வேலை இல்லாதவர்கள் உட்கார்ந்து பாருங்கள். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.