கம்பத்தில் ஒட்டிய சிரிப்பு

ரெஜானுக்கு ஒரு கொள்கை உண்டு. கேட்டுவிட்டுப் படம் எடுத்தால் முகம் செத்துப்போகும். முப்பத்தொரு வருஷம் மான்ட்ரியலில் நகரப் பேருந்து ஓட்டி, கண்ணாடிக்கு அப்பால் நழுவிப்போன முகங்களை நினைத்து ஏங்கியே ஓய்வு பெற்றவர் அவர். மறுநாளே பழைய ஃபிலிம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். தெருவில் யாரிடமும் கேட்கமாட்டார். எடுப்பார், தொப்பியைத் தொட்டு ஒரு வணக்கம் வைப்பார், நடையைக் கட்டுவார்.

நூலகத்தில் இந்தக் கொள்கை செல்லுபடியாகவில்லை. வரப்போகும் செப்டம்பரில் அவருடைய பன்னிரண்டு படங்களை முன்கூடத்தில் மாட்டச் சம்மதித்த நூலகர் மதாம் ஓடெட், கூடவே ஒரு கட்டுக் காகிதத்தையும் நீட்டினார்.

"தெருவுல நின்னு எடுக்கிறது உங்க இஷ்டம். சுவத்துல மாட்டணும்னா முகம் தெரியிற ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போட்டாகணும். க்யூபெக் மாகாணச் சட்டம். என்னை முறைச்சு என்ன பிரயோஜனம், நானா எழுதினேன்?"

ரெஜான் முணுமுணுத்துக்கொண்டே பதினொரு படத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார். சிக்கல் பன்னிரண்டாவதில்தான் இருந்தது.

அது ஜூலை முதல் தேதி எடுத்தது. வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து ஊரே வீடு மாறும் நாள். பாதி நகரம் தன் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மறுபாதியின் வீட்டுக்குக் குடிபோகும். நடைபாதையில் ஒரு பச்சை சோபா, அதைச் சுற்றி மூட்டை முடிச்சு. சோபாவில் தனியாக ஒரு பெண், மடியில் பீட்சா பெட்டி. தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறாள். இந்த ஒரு படத்தை எடுப்பதற்காகத்தான் தான் பிறந்ததாக ரெஜான் நம்பினார்.

ஆனால் யார் அவள்? அந்தத் தெருவில் கதவு கதவாகத் தட்டினார். பாதிப் பேர் அதே நாளில் குடிவந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. சலித்துப்போய்த் திரும்பும்போது விளக்குக் கம்பத்தில் காணாமல்போன பூனைக்கான அறிவிப்பு கண்ணில் பட்டது. அட, இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? படத்தைப் பதினாலு நகல் எடுத்தார். ஒவ்வொன்றின் கீழும், 'இவரைத் தெரியுமா? அனுமதி கேட்க வேண்டும்' என்று எழுதித் தன் தொலைபேசி எண்ணையும் போட்டார். அந்த வட்டாரத்துக் கம்பங்களில் எல்லாம் ஒட்டினார். இவ்வளவு மரியாதையாக யார் கேட்பார்கள் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை தொலைபேசி அடித்தது.

"கம்பத்துல இருக்கிறது நான்தான். எடுங்க. எல்லாத்தையும் எடுங்க."

"மதாம்! உங்களைத்தான் நான்..."

"எத்தனை ஒட்டியிருக்கீங்க?"

"பதினாலு."

"அந்தத் தெருமுனை பஸ் ஸ்டாப்புக்கு வாங்க. இப்பவே."

கையெழுத்துக் காகிதத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் போனார். அவ்வளவு அப்பாவி. ஆகஸ்ட் வெயிலில் மழைக்கோட்டுத் தொப்பியால் தலையை மூடிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் கிலேன். கையில் கிழித்தெடுத்த மூன்று தாள்கள்.

"நான் புருஷன்கிட்டேருந்து தப்பிச்சு வந்தவ," என்றாள். "ஏன் ஜூலை ஒண்ணைப் பிடிச்சேன் தெரியுமா? அன்னைக்கு வாசல்ல ஒரு லாரி நின்னா எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். ஆறு மாசம் அந்தத் தேதிக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நான் எந்த ஊர்ல இருக்கேன்னுகூட அவனுக்குத் தெரியாது. ஆனா அவன் தங்கச்சி இந்த ஊர்லதான் இருக்கா. இந்தப் பக்கம் வந்து போறவ. நீங்க என் மூஞ்சியையும் காட்டி, தெருவையும் காட்டிட்டீங்க."

ஒரு சுவரில் மாட்டும் முன் கேள் என்றுதான் சட்டம் சொன்னது. ரெஜானோ கேட்பதற்காகவே பதினாலு கம்பத்தில் மாட்டியிருந்தார். காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார். அறுபத்திரண்டு வயதில் இப்படி ஒரு வெட்கம் அவருக்கு வந்ததில்லை.

அவள் தெருவின் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கமாகப் போய் ஒவ்வொன்றாக உரித்தார்கள். அவள் கையில் இருந்த மூன்றோடு சேர்த்துப் பதிமூன்று கிடைத்தது. மூலைக்கடைக்கு எதிரே இருந்த கம்பத்தில் மட்டும் வெறும் ஒட்டுநாடா தொங்கியது.

கிலேன் நடைபாதை விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றாள். "மறுபடியும் மூட்டை கட்டணும்."

ரெஜான் கடைக்குள் ஓடினார். கடைக்காரர் ஃப்ளோரியான் அவருடைய நாற்பது வருஷப் பழக்கம். கேள்வி முடிவதற்குள் கல்லாவுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை உருவி மேலே போட்டார்.

"ஒட்டின அன்னைக்கே நான்தான்யா கிழிச்சேன். எந்த மடையன் வேலைன்னு பார்த்தேன், நீதானா? பொம்பளை மூஞ்சியைப் பூனை மாதிரியா கம்பத்துல ஒட்டுவே? தேடுறவன் நல்லவனா கெட்டவனான்னு போறவன் வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"

ரெஜான் தாளைக் கொண்டுபோய்க் கிலேன் கையில் வைத்தார். அவள் அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பயம் தெளிந்த அழுகை.

அன்றே மதாம் ஓடெட்டிடம் பதினொரு படம்தான் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை கடை வாசலில் கிலேனைப் பார்த்து, நெகட்டிவையும் அதிலிருந்து போட்ட பெரிய பிரதியையும் தான் உரித்த தாள்களையும் கொடுத்தார். வேறு பிரதி தன்னிடம் இல்லை என்றார். உண்மைதான்.

அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"எதுக்கு இப்படிச் சிரிச்சேன்னு ஞாபகம் இருக்கு. பீட்சா கொண்டுவந்த பையன், கூட ஒரு கோக் தரட்டுமான்னு கேட்டான். வேண்டாம்னேன். சரின்னுட்டுப் போயிட்டான். அவ்வளவுதான். நான் வேண்டாம்னு சொல்லி ஒருத்தர் சரின்னு கேட்டுக்கிட்டுப் போய்ப் பதினேழு வருஷம் ஆச்சு."

அவளுடைய மழைக்கோட்டுத் தொப்பி தோளில் சரிந்து கிடந்தது. காலை வெளிச்சம் அவள் முகத்தில் சரியாக விழுந்திருந்தது. ரெஜானின் கை தன்னால் கேமராவுக்குப் போய், பாதியில் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக, எடுப்பதற்கு முன் அவர் கேட்டார்.

"ஒண்ணு எடுத்துக்கட்டுமா, மதாம்? யாருக்கும் காட்டமாட்டேன்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "வேண்டாம்."

"சரி," என்றார் ரெஜான். லென்ஸை மூடி போட்டு மூடினார்.

கிலேன் தலையைப் பின்னால் சாய்த்து, கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தாள்.