மஞ்சள் ஒயர்

பெட்டியின் அடியில் கையை விட்டபோது புடவைக்கு முன்னால் ஒயர்தான் ரஞ்சித்தின் விரலில் தட்டியது. அதை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தான். மஞ்சள் நிறம், விரல் தடிமன், இருபதடி நீளம். வட்டமாகச் சுருட்டி, கடைசி ஒரு முழத்தை நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது. ஆறு நாளாக அந்தச் செருகலை அவன் கலைக்கவில்லை.

"புடவை கிடைச்சுதா தம்பி?"

கண்மணி கதவருகே நின்றாள். எழிலரசியின் அக்கா. பன்னிரண்டு வருடமாக டெக்சாஸின் ஆலனில் இருக்கிறாள். "ஃப்யூனரல் ஹோம்ல ஒன்பதரைக்குள்ள குடுக்கச் சொன்னாங்க. டிரெஸ் பண்ண டைம் வேணுமாம்."

பச்சைப் புடவையை எடுத்துக் கொடுத்தான். அவள் பார்வை கட்டிலுக்குப் போனது.

"இது என்ன ஒயரு?"

"கார் ஒயர்."

"அலாஸ்கால இருந்து இதையா தூக்கிட்டு வந்தீங்க?"

அவன் பெட்டியை மூடினான். கண்மணி புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். மனைவியை இழந்தவனிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை என்பதை அவன் இந்த ஆறு நாளில் தெரிந்துகொண்டிருந்தான்.

படியில் இறங்கும்போது மாமனாரின் குரல் கேட்டது.

"குளிர்ல வண்டி கிளம்பலைங்க. வண்டி மட்டும் கிளம்பியிருந்தா எம் புள்ள இன்னைக்கு இருந்திருக்கும்."

ஹாலில் பத்துப் பேர் இருந்தார்கள். மணியன் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு அனந்தலக்ஷ்மி ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நேற்று வந்தவர்களிடமும் இதையேதான் சொன்னார்.

"மைனஸ் நாற்பதாமே, கண்மணி சொன்னா."

"நாப்பத்திரண்டுங்க. நான் மாப்ளைகிட்ட அப்பவே சொன்னேன். டெக்சாஸ்ல வேலையில்லையா, நியூ ஜெர்சில வேலையில்லையா? அங்க போய் எதுக்குங்க இருக்கோணும்? சரி, போனதுதான் போனீங்க, ஒரு நல்ல வண்டியா வாங்கியிருக்கலாமுங்க."

அப்போதுதான் எல்லோரும் ரஞ்சித்தைப் பார்த்தார்கள். பிறகு கையிலிருந்த காபியைப் பார்த்தார்கள்.

ஜன்னலோரம் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மணியன் பேச்சை நிறுத்தாமல் எழுந்துபோய் அதை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கோபிச்செட்டிபாளையத்தில் மின்வாரியத்தில் நாற்பது வருடம். லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். விடிந்த பிறகும் ஒரு தெருவிளக்கு எரிந்தால் செருப்பு மாட்டிக்கொண்டு போய் அணைத்துவிட்டு வருவார் என்று எழில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். மகள் வீட்டிலும் அப்படித்தான். ஆளில்லாத அறையின் விளக்கு, சார்ஜரே செருகாத பிளக் பாயின்ட், காலையில் தோட்டத்து விளக்கு. போகிறபோக்கில் கை அணைக்கும். கைக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

ஃபேர்பேங்க்ஸில் எண்ணெய்க் குழாய் நிறுவனத்தில் ரஞ்சித்துக்கு இரண்டு வருட வேலை. மூன்றாவது வருடம் இருக்கலாம் என்று கேட்டவள் எழில். இதை அவன் ஹாலில் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு அந்த ஊர் பிடித்திருந்தது. வாசல் பெட்டியில் தோசை மாவு கல்லாக உறையும். ஃப்ரீசரே வேண்டாம் என்பாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு தபால் பெட்டிவரை ஓடி, விறைத்த கூந்தலை மகள் தென்றலிடம் தட்டிக் காட்டுவாள். மூன்று மணிக்கு இருட்டிவிடும் மாதங்களிலும் ஒரு வாரக் கடைசி வீட்டில் இருக்க மாட்டாள். காரில் கம்பளி, மண்வெட்டி, மெழுகுவத்தி, தயிர்சாதம். உறைந்த ஆற்றின்மேல் நடக்க ஒரு வாரம், நாய் வண்டி பார்க்க ஒரு வாரம்.

கடைசியாகப் போனது ஊரிலிருந்து அறுபது மைல், வெந்நீர் ஊற்றுப் பக்கம் ஒரு மரவீட்டுக்கு. கோபியிலிருந்து வந்திருந்த மாமனாருக்குக் காட்ட வேண்டும் என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள்.

அங்கெல்லாம் காரின் மூக்கிலிருந்து ஒரு பிளக் தொங்கும். நிறுத்தியதும் அதை ஒயரில் மாட்டி, கம்பத்திலிருக்கும் பாயின்ட்டில் செருகிவைக்க வேண்டும். எஞ்சினைச் சூடாகவே வைத்திருக்கும். இல்லையென்றால் சில மணி நேரத்தில் ஆயில் கெட்டியாகி வண்டி அசையாது.

மணியன் வந்த முதல் நாளே அதைப் பார்த்துக் கேட்டார். "கரண்ட்ல ஓடற காருங்களா?"

"இல்ல மாமா. எஞ்சின் சூடா இருக்கணும், அதுக்கு."

"ராத்திரிக்குத்தானுங்களே?"

"ஆமா மாமா, ராத்திரிக்கு."

அலுவலகத்துக்கு நேரமாகியிருந்தது. ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போனான். இந்த இடம் வரும்போதெல்லாம் ரஞ்சித் நினைப்பை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அன்று நல்ல வெயில். காலையில் மணியன் தனியாக ஒரு நடை போய்விட்டு வந்தார். மதியம் எழில் வயிற்று வலி என்று படுத்தாள். மூன்று மணிக்கு உதடு வெளுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர ஒன்றேகால் மணி நேரமாகும், கிளம்பி எதிரே வாருங்கள் என்றார்கள். சாவியைத் திருப்பினான். வண்டி ஒருமுறை முனகியது. இறங்கி முன்னால் போனான். பிளக் வெறுமனே தொங்கியது. ஒயர் கம்பத்து ஆணியில் இருந்தது. அழகாகச் சுருட்டி, நுனி உள்ளே செருகி. அமெரிக்காவில் அப்படிச் சுருட்டுகிற கை ஒன்றுதான் அவனுக்குத் தெரியும்.

மரவீட்டுக் காவலாளி விறகு எடுக்கப் போன இடத்திலிருந்து திரும்பி ட்ரக்கைக் கொண்டுவர நாற்பது நிமிடம் ஆனது.

கருக்குழாயில் தங்கிய கரு. வெடித்து உள்ளேயே இரத்தம் போயிருக்கிறது. கர்ப்பம் என்பதே இருவருக்கும் தெரியாது. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ட்ரக்கில் அவள் தலை அவன் மடியில் இருந்தது. "ஜன்னல்ல இருந்து பாத்தேன், ஒயரை" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்பாகிட்ட சொல்லாத. தாங்க மாட்டாரு."

அவன் தலையாட்டினான். அவள் பேசிய கடைசிப் பேச்சு அது. அவனைப் பற்றியோ தென்றலைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காரை எடுக்கப் போனபோது ஒயரை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டான்.

அந்த வாக்கியம் தயாராக இருந்தது. வண்டி கிளம்பாததுக்குக் காரணம் குளிர் இல்ல மாமா. சியாட்டிலில் விமானம் மாறும்போது, கண்ணாடிக்கு வெளியே அவளிருந்த பெட்டியை வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தபடி, நூறு முறை சொல்லிப் பார்த்திருந்தான். பக்கத்தில் மணியன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் ஆள் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. கேட்க நிறையப் பேர் வேண்டும். கிளம்பும்போது ஒயரைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டான்.

பதினொரு மணிக்கு ஃப்யூனரல் ஹோமில் எண்பது பேர் இருந்தார்கள். பச்சைப் புடவைமேல் பிறந்த வீட்டுக் கோடியைக் கண்மணி போர்த்தினாள். வாய்க்கரிசி போட்டார்கள். தென்றல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஒய் இஸ் ஷீ நாட் வேரிங் ஹர் ஜாக்கெட்?" என்று கேட்டாள்.

"இங்க குளிர் இல்லடா."

"பட் ஹர் ஹேண்ட் இஸ் கோல்ட்."

அவன் அவளைத் தூக்கிக்கொண்டான்.

கண்மணியின் கணவர் செழியன் மைக்கை அவன் கையில் கொடுத்தார். "ரெண்டு வார்த்தை பேசுங்க ரஞ்சித்."

முன்வரிசையில் மணியன். கைகளை முழங்கால்மேல் வைத்து, பள்ளிக்கூடத்தில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார். எண்பது முகங்களும் காத்திருந்தன. ரஞ்சித் வாயைத் திறந்தான். எழிலின் மூக்குத்தி விளக்கில் மின்னியது. சொல்லாத என்றுதான் சொல்லியிருந்தாள்.

"எல்லாரும் வந்ததுக்கு நன்றி" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தான்.

எரியூட்டும் அறை கட்டடத்தின் பின்னால் இருந்தது. குடும்பத்தினர் மட்டும் வரலாம். எஃகுக் கதவு, பக்கத்துச் சுவரில் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு பச்சைப் பொத்தான். கறுப்புக் கோட்டு போட்ட பெண்மணி, பெட்டி உள்ளே போனதும் அதை அழுத்த வேண்டும், யார் அழுத்துகிறீர்கள் என்று மெல்லிய ஆங்கிலத்தில் கேட்டாள். செழியன் தமிழில் சொன்னார்.

"மாப்ளதான்" என்றார் மணியன். "கட்டுனவருதான் போடோணும்."

ரஞ்சித் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் அவன் நினைத்து வைத்ததில் இது இல்லை. தானாக வந்தது.

"மாமா போடட்டும்."

கண்மணி அவன் கையைப் பிடித்தாள். "தம்பி" என்றாள். செழியன் அவன் தோளைத் தட்டினார். பெரிய மனசு என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

"நானெதுக்குங்க மாப்ள. பெத்த கைங்க."

"நாற்பது வருஷம் ஸ்விட்ச் போட்ட கை மாமா. வாங்க."

மரியாதையாகத்தான் சொன்னான். தோளில் கைபோட்டு அழைத்துப் போனான். தோள் வெறும் எலும்பாக இருந்தது. பிளாஸ்டிக் மூடியை அவனே தூக்கிப் பிடித்தான். மணியனின் ஆள்காட்டி விரல் இரண்டு முறை பொத்தான்வரை போய்த் திரும்பியது. மூன்றாவது முறை அழுத்தியது.

கதவுக்குப் பின்னால் கல்யாணச் சமையலின் பெரிய அடுப்புபோல ஒரு இரைச்சல் கிளம்பியது. மணியன் விரலை எடுக்கவில்லை. எடுத்துவிடலாம் என்று அந்தப் பெண்மணி சொன்னது அவருக்குப் புரியவில்லை. ரஞ்சித்தான் அந்த விரலைப் பிடித்து விலக்கினான்.

வெளியே இதமான வெயில். பிப்ரவரியில் மனிதர்கள் அரைக்கைச் சட்டையோடு நடந்துகொண்டிருந்தார்கள். கண்மணியும் செழியனும் கையெழுத்துப் போட உள்ளே தங்கிவிட்டார்கள். வீட்டுச் சாவி ரஞ்சித்திடம் இருந்தது. தென்றலைப் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டான். மிஞ்சிய பூவும் விளக்கும் இருந்த பையை மாமனாரிடம் நீட்டினான்.

"இதை டிக்கில வெச்சிருங்க மாமா."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டிக்கியைத் திறக்கும் பட்டனை அழுத்தினான். கண்ணாடியில் உயர்ந்த மூடி மட்டும்தான் தெரிந்தது. அது இறங்கவில்லை. வெகுநேரம் இறங்கவில்லை. அவன் இறங்கிப் பின்னால் போனான்.

மணியன் ஒயரை இரண்டு கையிலும் வைத்திருந்தார். கட்டைவிரல் அந்தச் செருகலைத் தடவிக்கொண்டிருந்தது.

"இது எங்க இருந்துச்சுங்க?"

"கார் பக்கத்துல. கம்பத்து ஆணியில."

"அன்னைக்குங்களா?"

"அன்னைக்குத்தான்."

ஒரு கார் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. மணியன் நிமிர்ந்து பார்த்தார். ரஞ்சித்தை அல்ல, வானத்தை.

"வெயில் அடிச்சுதுங்களே" என்றார்.

ரஞ்சித் காத்திருந்தான். ராத்திரிக்குத்தான்னு நீங்கதானே சொன்னீங்க என்று அவர் கேட்பார். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். மணியன் ஒயரை இருந்த இடத்திலேயே வைத்து, பையை அதன் பக்கத்தில் வைத்து, மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினார்.

கார் ஃப்ரீவேயில் ஏறியது. "தாத்தா, சீட் பெல்ட்" என்று தென்றல் ஒருமுறை சொன்னாள். அவர் தேடித்தேடிப் போட்டுக்கொண்டார்.

வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலை அவசரத்தில் யாரும் அணைக்கவில்லை. மணி இரண்டு. ரஞ்சித் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான். தென்றல் உள்ளே ஓடினாள். மணியன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கதவோரத்து ஸ்விட்ச் பலகை அருகே நின்றார். வலது கை இடுப்பளவு உயர்ந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதை இடது கையால் பிடித்துக்கொண்டு, நேரே நடந்து தன் அறைக்குப் போனார்.

ரஞ்சித் கதவைச் சாத்தினான். விளக்கு வெயிலில் எரிந்துகொண்டிருந்தது.