பூட்டுக்காரர் ஜெயித்த வாரம்

பூட்டுக்காரர் போட்ட பூட்டைப் பார்த்தால் திருடனே கும்பிட்டுவிட்டுப் போவான் என்று அவரே சொல்லிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவரின் மானத்தை ஒரு ஜாம் பாட்டில் வாங்கியது.

மாடி அறையில் அவர் மனைவியின் தம்பி குடியிருந்தான். பல்செட் செய்வது அவன் தொழில். ஊரார் மெல்லுவதற்குப் பல் செய்து கொடுப்பவன், எல்லோரோடும் உட்கார்ந்தால் குருவி மாதிரி கொறிப்பான். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ரொட்டி, பிஸ்கட், மிஞ்சின சோறு என்று கண்மண் தெரியாமல் விழுங்குவான். வயிறு வலித்தாலும் கை நிற்காது. காலி உறைகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைப்பான். பெருக்கப்போன அக்கா அவற்றை அள்ளி வந்து கணவன் முன்னால் கொட்டினாள்.

"ஏதாவது பண்ணுங்களேன். கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறான்."

பூட்டுக்காரருக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். அலமாரிக்குப் பூட்டு போட்டார்.

மறுநாளே ஜாம் பாட்டில் காலி. பூட்டோ ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி அப்படியே தொங்கியது. பல்லுக்குக் கம்பி வளைக்கிற கைக்குப் பூட்டு எம்மாத்திரம்? அன்றோடு பூட்டுக்காரருக்கு மச்சினன் வயிறு மறந்துபோனது. தொழில் மானம்தான் முன்னால் நின்றது. இன்னும் கனமான பூட்டாகப் போட்டார். அதுவும் திறந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் துள்ளினார்.

"ஒரு கீறல்கூட இல்லடி! எப்படிடா திறந்தே மாப்ளே?"

"உங்க பூட்டு ரொம்ப மரியாதை தெரிஞ்சது மாமா. கைய வச்சதும் வழி விட்டுடுச்சு" என்றான் அவன். பூட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவன் மூஞ்சியப் பாருங்க, பூட்டையே பாக்காதீங்க" என்றாள் மனைவி. அவர் காதில் விழவில்லை.

பிறகு ஒரு வாரம் பூட்டு திறக்கவே இல்லை. வாரக் கடைசியில் மச்சினன் கடைக்கே வந்தான். யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த தன் சின்ன இடுக்கிகளையும் அரங்களையும் பையோடு மேசையில் வைத்தான்.

"இத நீங்க வச்சுக்கங்க மாமா. எனக்கு இனிமே வேண்டாம்."

பூட்டுக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். "உன் தம்பி சரண்டர்! ஆயுதத்தையே ஒப்படைச்சுட்டான்!"

மனைவி சிரிக்கவில்லை. "வாட்ச்ச எதிர்வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டானாம். புதுச் செருப்பையும் யாருக்கோ குடுத்துட்டான். எனக்கு என்னமோ பயமா இருக்குங்க."

பூட்டுக்காரர் கையில் எடுத்த கவளம் தட்டிலேயே விழுந்தது. எவ்வளவு மக்காக இருந்தாலும் அவர் தொழில்காரர். சோறு போடுகிற கருவியை எவனும் சும்மா தூக்கிக் கொடுக்கமாட்டான் என்பது கடையிலேயே உறைத்திருக்க வேண்டும். கையைக்கூடக் கழுவாமல் மாடி ஏறினார். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டதாகிவிடுமோ என்று படியெல்லாம் பயந்தார்.

மச்சினன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"மாப்ளே, எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. செத்துடலாம்னு நினைக்கிறியா?"

அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "ஆமா மாமா." பிறகு உடைந்துவிட்டான். "திங்க ஆரம்பிச்சா நிறுத்த முடியல. தின்னு முடிச்சா என்னை எனக்கே அருவருப்பா இருக்கு. எப்படித் திறந்தே, எப்படித் திறந்தேன்னுதான் கேட்டீங்க. ஏன் திறந்தேன்னு யாரும் கேக்கல."

பூட்டுக்காரர் அவனைக் கட்டிக்கொண்டு அவனைவிடச் சத்தமாக அழுதார். மேலே வந்த மனைவிக்கு யாரைத் தேற்றுவது என்றே தெரியவில்லை. அவனைத் தனியே விடாமல் இருவரும் உடனே டாக்டரிடம் அழைத்துப்போனார்கள்.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, இது பெருந்தீனி இல்லை, நோய் என்றார் டாக்டர். இதற்குச் சிகிச்சை உண்டு. இந்த நோயில் வெட்கம் ஆளைத் தின்றுவிடும், அதனால்தான் பலருக்கும் சாவு நினைப்பு வருகிறது என்றார். பிறகு, "அலமாரியப் பூட்டச் சொன்னது யாரு?" என்றார். பூட்டுக்காரர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி எழுந்து நின்றார்.

"பூட்டினா வெட்கம் கூடத்தான் செய்யும். நேரா கேட்டீங்க பாருங்க, அதுதான் சரி. கேக்குறதால அந்த நினைப்பு வராது. இனிமேலும் கேளுங்க."

கேட்கச் சொன்னதே போதும், மனிதர் பிடித்துக்கொண்டார். நாசூக்கு என்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. காலையில் வாய் நிறையச் சோற்றோடு, "மாப்ளே, சாவு நெனப்பு வந்துச்சா?" என்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

"இல்ல மாமா. முழுங்கிட்டுக் கேளுங்க" என்பான் அவன்.

கருவிப் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவன் வேலைக்கும் போகத் தொடங்கினான். ஒரு நாள் பூட்டுக் கடையில் கூட்டம் நெரிந்தது. சாவிக்குக் காத்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு மச்சினன் உள்ளே வந்து நின்றான். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்ன மாப்ளே, வேலை நேரத்துல?"

"இன்னைக்கு வந்துச்சு மாமா. அதான் நேரா இங்க வந்துட்டேன்."

பூட்டுக்காரர் அத்தனை பேரையும் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, தன் நாற்காலியை அவனுக்கு இழுத்துப் போட்டார்.