பேச்சு சொட்டும் வீடு

2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் புதுவாயலில் பர்ஹானாவின் வீட்டுக் கூரையிலிருந்து சொட்டியது மழைத் தண்ணீர் அல்ல. அந்த வீட்டுக்குள் பேசப்பட்ட பேச்சு. வெயில் மண்டையைப் பிளந்த நாட்களிலும் ஒரு நாளைக்கு முக்கால் டம்ளர் சேர்ந்தது. ஒரு சொட்டு உடம்பில் பட்டால் அதிலிருந்த வாக்கியம், பேசியவர் குரலிலேயே, பட்டவர் காதுக்கு மட்டும் ஒருமுறை கேட்கும். தரையில் விழுந்தால் வெறும் தண்ணீர்தான். துணி போட்டுத் துடைத்தால் போயிற்று.

அந்த வீட்டைப் பர்ஹானா தனியாகக் கட்டினாள். கணவர் தமீம் அன்சாரி தம்மாமில் ஏசி மெக்கானிக். போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. வயல் மண்ணை வெட்டிச் சுடுகிற சூளைக்கல் வேண்டாம் என்று, அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கல்லை அவள் லாரியில் வரவழைத்தபோது, பழவேற்காட்டிலிருந்து பார்க்க வந்த நாத்தனார் ஷஹனாஸ் மூக்கில் விரல் வைத்தாள். "சாம்பல்ல பாத்திரம் வெளக்குவாங்க அண்ணி. நீ ஊடு கட்றியா?" கொத்தனார் முனுசாமிதான் பர்ஹானாவின் பக்கம் நின்றார். கல் நல்ல கல், சுவரும் தூக்குநூல் பிசகாமல் எழுந்தது. தவறு மொட்டைமாடியில் நடந்தது. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து தளத்தின் மேல் போட்டு, கட்டை கையைவிட்டுத் துள்ளித் திரும்பும்வரை ஏழு நாள் அடிக்க வேண்டும். சித்தாள் கங்கம்மாவும் மூன்று பெண்களும் அடித்தார்கள். அந்த ஏழு நாளில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பாதி முடிந்த வீட்டில் அப்போதே குடியேறியிருந்த பர்ஹானாவுக்கு, ஜும்ஆ தொழுகை முடிந்து தமீம் போன் செய்கிற நேரம் அது. கட்டைச் சத்தத்தில் அவர் குரல் கேட்கவில்லை. மாடிக்கு ஓடி நிறுத்தச் சொன்னாள். "நடுவுல வுட்டா இறுகிப்பூடும்மா. அப்பால அடிச்சா ஒடையும்," என்றாள் கங்கம்மா. பர்ஹானா கெஞ்சினாள். ஒன்றரை மணி நேரம் கட்டைகள் சும்மா கிடந்தன. போன் வைத்திருந்த மேஜைக்கு நேர் மேலே ஒரு பாய் அகலம் அடிபடாமல் நின்றுபோயிற்று.

அந்த வருஷ ஐப்பசி மழை அந்த இடத்தைத் தேடிக்கொண்டு வந்தது. வெள்ளிதோறும் தமீம், "ஊடு ஒழுவுதா?" என்று கேட்டார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, காலடியில் பக்கெட்டை வைத்துக்கொண்டு, "ஒரு சொட்டு இல்லீங்க" என்று அவள் சொன்னாள். மழை விட்டதும், தை மாதம், ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து ஆதிநாராயணன் என்ற காண்டிராக்டரை அழைத்தாள். அவர் மாடிக்கு ரசாயனப் பூச்சு, சுவருக்கு வெளியே இரண்டு கோட், உள்ளே இரண்டு கோட், ஜன்னல் இடுக்குகளுக்குப் பசை, வெண்டிலேட்டருக்குக் கண்ணாடி என்று வீட்டை டப்பா மாதிரி அடைத்தார். "பத்து வருசம் கேரண்டி. எறும்பு கூட மூச்சு வுடாது பாரு நைனா," என்று பக்கத்தில் நின்ற முனுசாமியிடம் பெருமையாகச் சொன்னார். முனுசாமிக்கு அதுதான் பிடிக்கவில்லை. "வெளிய அடிச்சுக்கோம்மா, வாணாங்கல. உள்ள அடிக்காத. சாம்பக் கல்லு மூச்சு வுடுற சாமான். வாயையும் மூக்கையும் பொத்தினா அது எங்க வுடும்?" ஒழுகல் நின்றால் போதும் என்றிருந்த பர்ஹானாவின் காதில் அது ஏறவில்லை.

ஒழுகல் நின்றது. இரண்டு மாதம் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில், ஒரு வாரம் தங்க வந்திருந்த ஷஹனாஸின் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் திரும்பி, "நான் எங்க கேஸைத் தொறந்து வெச்சேன்?" என்று சண்டைக்கு வந்தாள். பர்ஹானா வாயே திறந்திருக்கவில்லை. கேஸை மூடாததற்கு மூன்று நாள் முன்பு திட்டியது அது. "ஒருவாட்டி நீ திட்றது பத்தாதுன்னு கூரையும் திட்டுது அண்ணி," என்று ஷஹனாஸ் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். தெருவில் ஒரு வாரம் பேசினார்கள். பிறகு போர் தண்ணீரில் உப்பு ஏறியது, அதைப் பேசப் போய்விட்டார்கள்.

லேசான பேச்சு மூன்று நாளில் இறங்கியது. கனமான பேச்சு எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தமீம், நோன்புக்குள் வந்துவிடுவதாகவும் இனித் தம்மாமுக்குத் திரும்பப் போவதில்லை என்றும் போனில் சொன்னார். பர்ஹானா சந்தோஷம் என்றாள். போனை வைத்தாள். வைத்த பிறகு சுவரைப் பார்த்து, "நீங்க வராமயே இருந்துடுங்களேன்," என்றாள்.

அதை மனதாரச் சொன்னோமா என்று அவளுக்கே தெரியவில்லை. அவரை வேண்டாம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. எந்த விளக்கை எப்போது அணைப்பது, எதைச் சமைக்காமல் விடுவது என்று யாரையும் கேட்காமல் அஞ்சு வருஷம் இருந்து பழகிவிட்டாள். அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த வாக்கியம் கூரைக்குள் எங்கோ இருந்தது. அவர் வருவதற்குள் அதைப் பிடித்துவிட வேண்டும். காலையிலிருந்து மாலைவரை அண்ணாந்தபடி நின்று, ஈரம் திரளும் இடமெல்லாம் கையை ஏந்தினாள். பால்காரரிடம் சொன்னது விழுந்தது, பல்லியை அதட்டியது விழுந்தது, காய்ச்சலில் உம்மாவைக் கூப்பிட்டது விழுந்தது. தான் இவ்வளவு பேசுகிறவள் என்று அவள் அறிந்திருக்கவில்லை. கழுத்து வீங்கியது. அந்த ஒன்று மட்டும் விழவில்லை.

முனுசாமியை அழைத்தாள். அவர் சுவரில் விரலால் தட்டிப் பார்த்தார். "உள் பூச்சைச் சொரண்டிட்டு சுண்ணாம்பு அடிச்சா சரியாப்பூடும். ஆனா உள்ள நிக்கிறதெல்லாம் ஒரே நாள்ல கொட்டும். எவன் மேல எது தெறிக்கும்னு நான் சொல்ல முடியாதும்மா." அவள் அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டாள்.

தமீம் நோன்பின் கடைசி வாரத்தில் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். நோன்பு திறக்க, கஞ்சிக் கோப்பையோடு போன் மேஜைக்கு அருகில் போய் உட்கார்ந்தார். வேறு இடத்தில் உட்காரச் சொல்ல அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை. பாங்கு சொன்னார்கள். அவர் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபோது, அவர் தலைக்கு மேலே ஒரு சொட்டு திரண்டு கனப்பதை அவள் பார்த்தாள். எழுந்தாள். கை எட்டவில்லை.

அவர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். உச்சந்தலையைத் தடவிப் பார்த்தார்.

"எப்ப சொன்ன இத?"

"ஆகஸ்ட்ல," என்றாள். பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நானும் அங்க சொல்லிக்கினுதான் இருந்தேன். ஊருக்குப் போவாமயே இருந்துடலாமான்னு. அங்க ரூமுல ஏசி. சொன்னதெல்லாம் பைப்பு வழியா ரோட்டுக்குப் போயிடும்."

பெருநாள் முடிந்தது. அவர் போகவில்லை, கவரைப்பேட்டையில் ரிப்பேர் கடை போட்டார். ஆனால் அதற்குப்பின் இருவரும் தேவையானதை மட்டும் பேசினார்கள். பிறகு அதையும் குறைத்தார்கள். சொட்டு அரை டம்ளராகி, கால் டம்ளராகி, பொங்கலுக்குள் கூரை எலும்பு போல உலர்ந்தது. வீடு உலர வேண்டும் என்று அத்தனை பாடுபட்டவள் இப்போது அந்தக் கூரையில் ஈரம் தேடினாள். இரும்பு ஏணி மேல் நின்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். ஒன்றுமில்லை. சிமெண்டு.

2007 பிப்ரவரியில் ஒரு காலை, வெங்காயம் அரிந்துகொண்டிருந்த அவள் மணிக்கட்டில் ஒன்று விழுந்தது. தமீமின் குரல், தனக்குள் முனகியது: 'சீரியல் பாத்துக்கினே பாலைப் பொங்க வுட்டுட்டா பாரு.'

"நான் ஒண்ணும் சீரியல் பாக்கல!" என்று அவள் அங்கிருந்தே கத்தினாள்.

குளியலறையிலிருந்து பதில் வந்தது. "நான் எப்ப சொன்னேன்?"

"செவ்வாக்கெழம!"

"அது எனக்கு நானே சொன்னது!"

"அப்ப வெளிய போய் சொல்லுங்க!"

அன்று மூன்று மணி நேரம் சண்டை. அந்த வாரம் ஒரு நாளைக்கு ஒன்றேகால் டம்ளர்.

பின்னால் இருந்த அறையின் பூச்சை மட்டும் முனுசாமி சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, வெண்டிலேட்டரைத் திறந்துவிட்டார். ஹாலை அப்படியே விட்டுவிடும்படி பர்ஹானாவும் தமீமும் சொன்னார்கள். 2009இல் சிப்காட் தொழிற்சாலையில் வேலை செய்யும் யேசுதாஸும் அவர் மனைவியும் அந்தப் பின்னறையை வாடகைக்குக் கேட்டு வந்தபோது பர்ஹானா எதையும் மறைக்கவில்லை. போர் தண்ணி உப்பு, கரண்ட் சாயங்காலம் போகும், ஹாலில் எங்கள் பேச்சு கொஞ்சம் சொட்டும், குடை இருக்கிறது என்றாள். அவர்கள் தலையாட்டினார்கள். வண்டியை எங்கே நிறுத்துவது என்று யேசுதாஸ் கேட்டார்.