இறந்தே பிறந்ததாக

துணியைப் பிரித்ததும் அக்காவுக்குக் குமட்டியது. பிள்ளையைச் சுற்றிக்கொள்ள ஆஸ்பத்திரி ஆயா கொடுத்த துணி அது. எவளுடைய பிரசவக் கறையோ அதில் காய்ந்து மொடமொடத்துக் கிடந்தது. அக்கா சந்தையில் மீன் வெட்டிப் பிழைப்பவள். குடலும் செதிலும் அவளுக்குப் பழக்கம்தான். மீனுக்குக்கூட இப்படியொரு துணியை விரிக்க மாட்டாள். அதைச் சுருட்டி எறிந்துவிட்டு, பையிலிருந்த தன் மாற்றுப் புடவையைக் கிழித்துத் தங்கையின் மகனைச் சுற்றினாள்.

விடியும்போது பிறந்தவன், மதியச் சாப்பாட்டு வண்டி வருவதற்குள் போய்விட்டான். எட்டாம் மாதப் பிள்ளை, கையகலம்தான் இருந்தான். சூடு கொடுக்கும் பெட்டியில் ஏற்கெனவே இரண்டு கிடக்க, மூன்றாவதாக இவனையும் செருகினார்கள். அக்கா கையை விட்டுப் பார்த்தாள். பெட்டி சில்லென்று இருந்தது. சொன்னதற்கு, “எல்லாம் சூடாகும், நீ வெளிய போ” என்று நர்ஸ் விரட்டினாள். ஒரே கையுறையோடு மூன்று குழந்தைகளையும் மாற்றி மாற்றித் தொட்ட புண்ணியவதி அவள்.

பெரிய டாக்டர் தன் அறையில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே பேசினார்.

“தாய்க்கு ரத்தமே இல்ல. எடை இல்லாத புள்ள. எப்படியும் நின்னிருக்காது. அதனால செத்தே பொறந்ததா எழுதிட்டோம்.”

“காலைல அழுதானே சார்! நான் காதால கேட்டேனே!”

“நாளைக்கு மேலிடத்துல இருந்து வர்றாங்கம்மா. குழந்தைச் சாவ போன வருஷத்தவிட பாதியாக் கொறைச்சிருக்கோம். செத்துப் பொறந்தா அந்தக் கணக்குல வராது. இப்பப் போய் ஒண்ணு கூடணுமா?”

“எதக் கொறைச்சீங்க சார், சாவையா, கணக்கையா?”

அவர் விரலில் ஒட்டிய பிஸ்கட்டை நக்கினார். இந்த ஆளும் ஒருத்தி வயிற்றில்தானே பிறந்திருப்பான் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பே கூசியது. பக்கத்தில் தங்கையின் புருஷன் பூம்பூம் மாடாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் அவன் தன் அம்மாவுக்குப் போன் போட்டான். அந்த அம்மாளின் குரல் போனைத் தாண்டித் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

“வயித்துலயே கொன்னுட்டாளா? அப்பவே சொன்னேன், அவ உடம்பு சரியில்லாத உடம்புன்னு.”

அவன் மறுக்கவில்லை. ஆமாம்மா, ஆமாம்மா என்றான்.

“ஏன் தம்பி, புள்ள உயிரோட இருந்தது உனக்குத் தெரியாதா?” என்றாள் அக்கா.

“விடுங்கக்கா. அவளுக்கும் அதான் நல்லது. உசுரோட இருந்து போச்சுன்னா தாங்க மாட்டா.”

“அவளுக்கு நல்லதா, உனக்குச் சுளுவா? காலத்துக்கும் உங்கம்மா வாயில விழப்போறவ அவதானே!”

அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு அக்கா வார்டுக்குள் போனாள்.

பிள்ளை பிறந்தபோது தங்கைக்கு நினைவே இல்லை, அத்தனை ரத்தப்போக்கு. இப்போது விழித்திருந்தாள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேராகப் படுத்திருந்தார்கள். தன் பிள்ளையை அணைத்துக்கொண்டு தலைமாறித் தூங்கிய அடுத்தவளின் கால் தங்கையின் தலையணையில் இருந்தது.

“அக்கா... செத்துத்தான் பொறந்துச்சாமே. நர்ஸம்மா சொன்னாங்க. நான்தான் சரியா சுமக்கலையா?”

“பொய் சொல்றாளுங்கடி. நீ நல்லாத்தான் பெத்த. உசுரோட பொறந்தான். என் விரலப் புடிச்சிக்கிட்டான். இவங்கதான் குளிர்ல போட்டு...”

தங்கை அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அழுதானா?”

“அழுதான்.”

“எப்படி அழுதான்?”

அக்கா சுற்றிலும் பார்த்தாள். நர்ஸ் வாசலில் நின்றிருந்தாள். இருந்துவிட்டுப் போகட்டும். தங்கையின் காதருகே குனிந்து, தொண்டையை இறுக்கி, மெலிசாக, விட்டு விட்டு அழுது காட்டினாள்.

தங்கையின் காலடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தவள், கண்ணைத் திறக்காமலே தன் பிள்ளையைத் தட்டிக்கொடுத்தாள்.