நீலக்கல்லுக்குப் பதிலாகச் சிலிக்கன்

சிஞ்சு நகரத்து விளக்குச் சில்லுத் தொழிற்சாலையில் பொறியாளராக இருப்பவள் லியாவ் பெய்யூ. சில்லுகள் செய்யும், தூசு புகாத தூய அறைக்குள் செல்லும் நாள்களில் காலைத் தேநீரைத் தொடமாட்டாள். உள்ளே போனபின் வெள்ளை அங்கியைக் களைந்து வெளிவருவது எளிதன்று. அங்கே படலம் வளர்க்கும் உலையின்மேல் வைத்திருக்கும் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலத்தைக் கெடுநாள் கடக்குமுன் மாற்றிவிடுவாள். பொட்டலம் பழசானால் இயந்திரம் முரண்டுபிடிக்கும் என்பது அங்குள்ள அனைவரின் நம்பிக்கை.

எல்.இ.டி. விளக்கின் ஒளிப்படலத்தை அங்கே நீலக்கல் தட்டின்மேல்தான் வளர்த்துவந்தனர். சிலிக்கன் தட்டின்மேல் வளர்த்தால் விலை வெகுவாகக் குறையும். ஆனால் குளிரும்போது படலம் வெடித்துவிடும். இரண்டாண்டு முயற்சியில், சென்ற மாதம் ஒரே ஒரு தட்டு வெடிக்காமல் வந்தது. படலம் முழுத் தடிமன் என்று பெய்யூ அறிக்கையில் எழுதி ஒப்பமிட்டாள். அதைக் கண்டு, வாங்க ஒப்பந்தம் போட வந்த விளக்குக் கம்பெனியார் இன்று கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்றனர்.

உள்ளே, உலையை இயக்கும் ஸ்யூமெய் அருகே வந்தாள்.

"பெய்யூ, அது ஏன் வெடிக்கலன்னு தெரியுமா? அன்னிக்கு ஆவி மாசப் படையல், செத்தவங்க ஆவிக்கெல்லாம் சோறு வைக்கிற நாள். வாசல்ல எல்லாரும் ஊதுபத்தியோட நிக்கறப்ப நான் மட்டும் உள்ள இருந்தா நல்லாவா இருக்கும்? படலம் வளர்க்கிற வாயுவைப் பாதியிலயே நிறுத்திட்டுப் போயிட்டேன்."

"அக்கா! இப்பத்தான் சொல்றீங்களா?"

"நீங்கல்லாம் கைதட்டிக்கிட்டிருந்தீங்க, எப்படிச் சொல்றது? நீயும்தான் அன்னிக்கு எனக்கு முன்னாடி படையலுக்கு ஓடினே, தட்டு வெளிய வந்ததும் அளக்காமலே கையெழுத்துப் போட்டே."

பெய்யூ தட்டை அளவுக் கருவியில் வைத்தாள். பாதித் தடிமன்தான். மெல்லிய படலம் வெடிக்காது. ஆனால் அதில் எரியும் விளக்கு சில மாதங்களில் மங்கிவிடும்.

சுவர்த் தொலைபேசி ஒலித்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து மேலாளர் துவான் பேசினார்.

"தட்டைத் தூக்கிக் காட்டும்மா. அதைப் பார்த்துட்டு ஒப்பந்தத்துல முத்திரை வைக்கப்போறாங்க."

"சார், ஒரு தப்பு நடந்திருக்கு..."

"எதுவானாலும் வெளிய வந்து சொல்லு. அறிக்கையில முதல் பேரு உன்னுது, ஞாபகமிருக்கில்ல?"

தூசு ஊதும் காற்றறையைக் கடந்து, அங்கி களைந்து வெளியேற இருபது நிமிடமாகும். அதற்குள் முத்திரை விழுந்துவிடும். கண்ணாடிக்கப்பால் ஒருவர் புன்னகையுடன் கையசைத்தார். காட்டினால் பொய், காட்டாவிட்டால் இரண்டாண்டு ஆய்வுக்கும் அவள் வேலைக்கும் அன்றோடு முடிவு.

"காட்டிடு பொண்ணே. நான் ஓய்வு பெற நாலே வருஷந்தான் இருக்கு," என்றாள் ஸ்யூமெய், தாழ்ந்த குரலில்.

பெய்யூ தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"சார், ஒலிபெருக்கியில போடுங்க. அவங்களும் கேக்கட்டும்."

"எதுக்கு? விளையாடறியா?"

"போடுங்க சார்."

அவர் பொத்தானை அழுத்தும்வரை அவள் காத்திருந்தாள்.

"படலம் பாதிதான் வளர்ந்திருக்கு. அளக்காமக் கையெழுத்துப் போட்டது நான். இந்தத் தட்டை நான் காட்டப்போறதில்ல."