ஜூலை இருபது

வானொலி நிலையத்தில் அவளை எல்லோரும் தேதியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலைச் செய்தி முடிந்ததும் ‘இதே நாளில்’ என்று ஐந்து நிமிட நிகழ்ச்சி. அந்தத் தேதியில் எந்த வருஷம் என்ன நடந்தது என்று தேடித் தொகுத்துப் படிப்பது அவள் வேலை. எந்தத் தேதியைச் சொன்னாலும் ஒரு போரோ பூகம்பமோ அவள் வாயிலிருந்து வந்து விழும். “அவகிட்ட பிறந்தநாள் தேதியைச் சொல்லாதீங்கப்பா, அன்னைக்கு யாரு செத்தாங்கன்னு சொல்லிடுவா” என்பது அங்கே பழைய கிண்டல்.

ஜூலை இருபது மட்டும் அவளுக்குத் தெரியாது. வருஷா வருஷம் அன்றைக்கு விடுப்பு எடுத்துவிடுவாள், வேறொருவர் படிப்பார். அவள் அப்பா லைன்மேன். புயல் ஓய்ந்த மறுநாள், அறுந்த கம்பியை இழுத்துக் கட்டக் கம்பம் ஏறியவர் உயிரோடு இறங்கவில்லை. அது ஒரு ஜூலை இருபது. அன்றிலிருந்து அந்தத் தேதியில் அவளும் தங்கையும் எங்கும் போகாமல் அம்மாவுக்குத் துணையாக வீட்டிலேயே இருப்பார்கள். டிவி ஓடாது. யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள்.

இந்த வருஷம் தங்கைக்குக் கல்யாணம் கூடிவந்தது. பையன் சரக்குக் கப்பலில் மெக்கானிக். மாதக் கடைசியில் கப்பல் கிளம்பிவிடும். பதிவு அலுவலகத்தில் போய்க் கேட்டுவிட்டு வந்த தங்கை, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

“இருபதும் இருபத்தி மூணும்தான் காலியா இருந்துதுக்கா. இருபது போட்டாச்சு.”

“ஜூலை இருபதா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாடி?”

“தினமும் நீதானே ரேடியோல படிக்கிற? இன்னைக்கு ஒருத்தர் செத்தார், இதே நாள்ல இன்னொருத்தர் கடலைத் தாண்டினார்னு ரெண்டையும் ஒரே மூச்சுல படிக்கிறியே. அப்பல்லாம் நாக்கு கூசலையா?”

“அது யாரோ எவரோ. இது நம்ம அப்பா.”

சமையலறை வாசலில் ஈரக் கையோடு அம்மா வந்து நின்றாள்.

“அவளை ஏன் காய்ச்சுற? போன்ல கேட்டப்ப இருபதுன்னு சொன்னது நான்தான்.”

“அம்மா...”

“அந்த நாள் வந்தாலே நீங்க ரெண்டு பேரும் விடிஞ்சதுலேர்ந்து என் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க. நான் அழுதாலும் கஷ்டம், அழாட்டாலும் கஷ்டம். இந்த வருஷம் வேற யார் மூஞ்சியையாவது பாருங்க.”

சொல்லிவிட்டு அம்மா பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். இத்தனை வருஷமாகத் துணை இருப்பதாகத் தேதியக்கா நினைத்திருந்தாள். அம்மாவுக்கு அது காவலாக இருந்திருக்கிறது.

கல்யாணம் பதினோரு மணிக்கு. காலை நிகழ்ச்சியை நானே படிக்கிறேன் என்று நிலையத்தில் சொல்லிவிட்டு, முதல்முறையாக அந்தத் தேதிக்குத் தேடி எடுத்தாள். 1969இல் மனிதர்கள் நிலவில் இறங்கியது. 1976இல் ஆளில்லா விண்கலம் செவ்வாயில் இறங்கியது. 1944இல் ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டு வெடித்தும் அவர் தப்பியது. படிக்கப் படிக்க அவளுக்குக் கோபம்தான் வந்தது. தன் வீட்டு நாளுக்குள் யார் யாரோ கேட்காமல் புகுந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஆனாலும் அன்று காலை எல்லாவற்றையும் திக்காமல் படித்துவிட்டு, ஒலிப்பதிவு அறையிலேயே புடவை மாற்றிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு ஓடினாள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கு அம்மா கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினாள். பதிவாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“தேதி சரிதாம்மா. வருஷம் தப்பா இருக்கு.”

அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள். அப்பா இறந்த வருஷம். அறையில் வேறு யாருக்கும் அது விளங்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா முந்திக்கொண்டு, “பதட்டத்துல வர்றதுதான் சம்பந்தி. என் கல்யாணத்துல நான் என் பேரையே தப்பா எழுதினேன். இவ அப்பவே உஷாராகியிருக்கணும்” என்று தன் மனைவியைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். பழைய வருஷத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் இந்த வருஷத்தை எழுதினாள்.

தேதியக்கா வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். சற்று நேரத்தில் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

“அழுதாச்சா? மூஞ்சியக் கழுவிட்டு வா. போட்டோக்காரர் கால் கடுக்க நிக்கிறார்.”

“நீ ஏம்மா அப்படி எழுதின?”

“தெரிஞ்சா எழுதினேன்? கை தானா அப்படிப் போச்சு” என்றாள் அம்மா. தலைப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வருஷம் தேதியக்கா விடுப்புக் கேட்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்தாள். கதவில் பூட்டு தொங்கியது. பதறிப்போய் போன் செய்தாள்.

“சின்னவ வீட்டுல இருக்கேன். கல்யாண நாளுக்குக் கேக் வாங்கி வச்சுட்டு உனக்காக வெட்டாம உக்காந்திருக்கா” என்றாள் அம்மா. “வர்றதுன்னா சீக்கிரம் வா. இல்லேன்னா சாவி பக்கத்து வீட்டுல இருக்கு.”